காவிக்கு அடியில் இருந்த பொருக்கு

எங்கள் ஊருக்கு வருகிற கிராம செவிலியர்தான் இதை எழுதச் சொன்னார். நாலு பேர் நடுவில் நின்று பேச எனக்கு வராது என்பது அவருக்குத் தெரியும். "பேச வேணாம்ணே. நடந்தத எழுதிக் குடுங்க. நான் படிச்சுக் காட்டிக்கிறேன்" என்றார். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். வயது ஐம்பத்தொன்று. அன்னவாசலில் ஒரு கடலை மில்லில் மூட்டை தைக்கிற வேலை. எழுதிப் பழக்கமில்லை, அதனால் நடந்த வரிசையிலேயே சொல்லிப் போகிறேன். எனக்கும் என் மனைவி பஞ்சவர்ணத்துக்கும் ஒரே காய்ச்சல் வந்தது. நான் பிழைத்துவிட்டேன். அவள் பிழைக்கவில்லை.

காய்ச்சலுக்கு முன்னால் நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது அங்கிருந்துதான் வந்தது என்று பிறகு சொன்னார்கள்.

ஊருக்குக் கிழக்கே எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் கொல்லை இருந்தது. மழையைப் பார்த்துக் கடலை போடுவோம். கடலை எடுத்த பிறகு உளுந்து, இல்லாவிட்டால் எள். பக்கத்துக் கொல்லைகளில் தைலமரம் வைத்த பிறகு எங்கள் கிணற்றில் தண்ணீர் கீழே கீழே போய்விட்டது. சுற்றியிருந்தவர்கள் சிங்கப்பூர், துபாய் என்று கிளம்பினார்கள். நிலத்தைப் பார்க்க ஆளில்லாதபோது பிளாட் போடுகிறவர்கள் வந்தார்கள். மகள் கவிதாவின் கல்யாணத்துக்கு வாங்கிய கடனை மனதில் வைத்து நானும் கொடுத்துவிட்டேன். கையெழுத்துப் போட வந்த பஞ்சவர்ணம் காட்டிய இடத்திலெல்லாம் போட்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில்தான், "வரப்புல நிக்கிற அகத்திய மட்டுமாச்சும் விட்டு வைக்கச் சொல்லியிருக்கலாம்" என்றாள்.

ஜேசிபி வந்து இரண்டு நாளில் வரப்பையெல்லாம் எடுத்துவிட்டது. தைலமரங்களை வெட்டி, வேர்க்கட்டைகளைக் கிணற்றில் தள்ளி மூடினார்கள். வெள்ளைக் கல் நட்டு, முகப்பில் வளைவு கட்டி, ஏதோ ஒரு நகர் என்று பெயர் வைத்தார்கள். முதல் வருஷம் கார்களில் ஆட்கள் வந்து பார்த்தார்கள். பிறகு யாரும் வரவில்லை. ஒரு வீடுகூட எழும்பவில்லை. இரண்டு மழைக்காலம் போனதும் இடுப்பளவு புல்லும் நாயுருவியும் சீமைக்கருவேலும் மண்டிவிட்டன. உழுத காலத்தில் ஒவ்வொரு உழவிலும் எலி வளை உடையும். அறுப்பு முடிந்தால் வளை வெட்டி எலி பிடிக்கவும் ஆட்கள் வருவார்கள். இப்போது உழவும் இல்லை, வெட்டவும் ஆளில்லை. பட்டப்பகலில் காலுக்குக் குறுக்கே எலி ஓடும்.

எங்களிடம் ஒரு பசுவும் நாலு ஆடும் இருந்தன. அவற்றுக்குப் புல் அறுக்கப் பஞ்சவர்ணம் தினமும் காலையில் அங்கேதான் போவாள். வரப்பே இல்லாத அந்தப் பரப்பில் எங்கள் கொல்லை எது என்று அவளுக்குத் தெரியும். அதற்குள் மட்டும்தான் உட்கார்ந்து அறுப்பாள். அடுத்தவர் இடத்தில் அரிவாள் வைக்கமாட்டாள். "அதுவும் இப்ப நம்மளுது இல்ல" என்று ஒரு தடவை சொன்னேன். "எனக்குத் தெரியாதாக்கும்" என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டுத் தூக்குவதற்கு நானும் போவேன். புல்லில் துண்டை விரித்து உட்கார்ந்து, அவள் கொண்டுவந்த நீராகாரத்தைக் குடித்துவிட்டு வருவோம். இந்த இடத்தில் உட்காரக் கூடாது என்று நினைக்க எங்களுக்கு ஒரு காரணமும் இல்லை. இருபத்தைந்து வருஷம் உட்கார்ந்த இடம்.

கார்த்திகை மாதம் ஒருநாள் மாலை என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். இடுப்பில் பாவாடை நாடா கட்டுகிற இடத்தில், இடது பக்கம், சின்னதாக ஒரு கொப்புளம். நடுவில் நீர் கோத்திருந்தது. சுற்றிச் சிவந்திருந்தது. வலிக்கிறதா என்று கேட்டேன். வலியும் இல்லை, அரிப்பும் இல்லை என்றாள். நாடா உரசியிருக்கும் என்று விட்டுவிட்டோம். இரண்டு நாளில் அதன் நடு கறுக்க ஆரம்பித்தது. அக்கியாக இருக்கும் என்று அவள் சொன்னாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

வெளியூர்க்காரர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உடம்பில் கொப்புளம் கிளம்பினால் எங்கள் பக்கத்தில் அக்கி எழுதுவார்கள். மண்பாண்டம் செய்கிறவர்கள் வீட்டில்தான் எழுதுவது வழக்கம். காவிக் கல்லை உரைத்து, குச்சியால் தொட்டு, அந்த இடத்தில் சிங்கம் மாதிரி ஓர் உருவம் எழுதி உள்ளே நிரப்பிவிடுவார்கள். மூன்று நாள், வெயில் ஏறும் முன்னால். பெண்களுக்கு அந்த வீட்டுப் பெண்ணே எழுதுவார். எங்கள் ஊரில் எழுதுகிற அக்கா நல்ல மனுஷி. வெற்றிலை பாக்குத் தவிர ஒன்றும் வாங்கமாட்டார். முதல் நாள் பார்த்தபோது, "அக்கின்னா முத்து முத்தா கெளம்பும். இது ஒத்தையால்ல இருக்கு" என்று அவரே சொன்னாராம். பஞ்சவர்ணம்தான் எழுதிவிடச் சொல்லியிருக்கிறாள். அவர் மேல் நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். தண்ணீர் படக் கூடாது, ஊசி போடுகிறவர்களிடம் காட்டக் கூடாது, ஊசி போட்டால் அக்கி உள்ளே இறங்கிவிடும் என்று எல்லோருக்கும் சொல்வதைத்தான் இவளுக்கும் சொல்லி அனுப்பினார்.

மூன்றாவது நாள் எழுதிவிட்டு வந்த அன்று மத்தியானம் காய்ச்சல் தொடங்கியது. அக்கியின் சூடு என்று நினைத்தோம். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். காய்ச்சல் இறங்கும், மறுபடி ஏறும். நாலாம் நாள் கண் இரண்டும் சிவந்து, தலைக்குள் யாரோ உலக்கை போட்டு இடிப்பதுபோல இருக்கிறது என்றாள். மில்லில் சொல்லிவிட்டு வந்து, இரவல் வாங்கிய டிவிஎஸ் வண்டியில் உட்கார வைத்து ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன்.

கிளினிக் தெரு திரும்பும்போது பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இங்கேருங்க. அவரு கேட்டாலும் அதச் சொல்லாதீங்க."

"எத?"

"இடுப்புல இருக்குறத. ஆம்பள டாக்டரு. அவுத்துக் காட்டுன்னு சொன்னா நான் என்ன பண்ணுவேன். காட்டக் கூடாதுன்னு அக்கா வேற சொல்லியிருக்காங்க."

"சரி. சொல்லல" என்றேன்.

டாக்டர் சின்ன வயது. அவசரப்படாமல் பார்த்தார். நாக்கைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், கை கால் கழுத்தெல்லாம் பார்த்தார். "உடம்புல வேற எங்கயாச்சும் புண்ணு, கொப்புளம், பூச்சிக்கடி ஏதும் இருக்காம்மா?" என்று கேட்டார். இவள் இல்லை என்று தலையாட்டினாள். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். வாசலில் எங்கள் ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் அடுத்த முறைக்காக நின்றுகொண்டிருந்தார்கள். பெண்டாட்டியின் இடுப்பைப் பற்றி அத்தனை பேர் காதுபட எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். அவர் எழுத ஆரம்பித்துவிட்டார்.

இரத்தம் எடுத்தார்கள். டெங்கு இல்லை, மலேரியா இல்லை. டைபாய்டு லேசாக இருப்பதுபோல் காட்டுகிறது என்றார்கள். இரத்தம் உறைவதற்கு உதவுகிற தட்டணுக்கள் என்று இருக்கின்றனவாம், அவை குறைந்திருந்தன. மூன்று நாளைக்குக் காலையும் மாலையும் ஊசி, இடையில் குளுக்கோஸ். அந்த ஊசி நல்ல ஊசிதான், பல காய்ச்சலுக்குக் கேட்கும், இந்தக் காய்ச்சலுக்கு மட்டும் கேட்காது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அந்த மூன்று நாளும் கிளினிக் பெஞ்சில்தான் இருந்தோம். பக்கத்து வீட்டு மாரியம்மா பசுவையும் ஆடுகளையும் பார்த்துக்கொண்டாள். எனக்கும் சேர்த்து ரசம் சோறு கட்டி அனுப்பினாள். மில் முதலாளி லீவு பற்றி ஒன்றும் கேட்கவில்லை. திருப்பூரிலிருந்து கவிதா போன் போட்டு, கிளம்பி வரவா என்று அழுதாள். பேரனுக்குப் பரீட்சை நடக்கிறது, இப்போது வராதே என்று இவள் அதட்டி வைத்துவிட்டாள். குளுக்கோஸ் இறங்கும்போது அங்கிருந்த நர்ஸ் பெண்ணிடம் என்னைக் காட்டி, "நல்லவேள, காச்சல் எனக்கு வந்துச்சு. இவுகளுக்கு வந்திருந்தா, எங்க வலிக்குதுன்னு கேட்டு வாங்குறதுக்குள்ள டாக்டருக்கே வயசாயிரும்" என்றாள். அந்தப் பெண் சிரித்தது. நானும் சிரித்தேன்.

மூன்றாம் நாள் மாலை இருமல் வந்தது. மறுநாள் காலையில் நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கியது. விரலில் ஒரு கிளிப் மாட்டிப் பார்த்தார்கள். உடம்பில் ஆக்சிஜன் எவ்வளவு ஓடுகிறது என்று அதில் எண் தெரியும். அந்த எண்ணைப் பார்த்ததும் டாக்டர் தானே 108-க்குப் போன் செய்தார். ஆம்புலன்ஸ் கதவு வரை கூட வந்து, கடிதத்தை என் கையில் கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரியில் யாரிடம் காட்ட வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். நல்ல மனிதர். கேட்க வேண்டியதை அவர் கேட்டுத்தான் இருந்தார். வண்டி கிளம்பும்போது இதுவும் என் மனதில் ஓடியது. இறங்கிப் போய்ச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். அக்கிக்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று நானே சமாதானம் செய்துகொண்டேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் நேரே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். மூக்கையும் வாயையும் மூடுகிற மாஸ்க் வைத்தார்கள். நாங்கள் வெளியே நடையில் இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஓர் ஆள் மட்டும், ஐந்து நிமிஷம் உள்ளே போய்ப் பார்க்கலாம். நடை முழுக்கப் பாயும் கூடையுமாக மனிதர்கள். வல்லத்திராக்கோட்டையிலிருந்து மகனைச் சேர்த்திருந்த ஓர் அம்மா, என் கையில் ஒன்றும் இல்லாததைப் பார்த்துத் தன் பாயில் பாதியைக் காட்டி, "உக்காருங்க தம்பி, இங்க நின்னுக்கிட்டே இருந்தா ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க" என்றார்.

அன்று மாலை உள்ளே இருந்து ஒரு நர்ஸ் வந்து என்னைக் கூப்பிட்டார். உடை மாற்றும்போது பார்த்தாராம். "அம்மா இடுப்புல செகப்பா ஏதோ பூசியிருக்கு. என்னதுங்க அது?"

"அக்கி எழுதுனது."

"தொடச்சு எடுத்துரவா? டாக்டர் பாக்கணும்னா நல்லா தெரியும்."

அவர் என்னிடம் அனுமதிதான் கேட்டார். நான், "வேணாம்மா, அதுல தண்ணி படக் கூடாது" என்றேன். எத்தனையோ விஷயத்தில் வாய் திறக்காத நான் இதற்குத் திறந்தேன். அவரும் எங்கள் பக்கத்துப் பெண்தான் போல. சரிங்க என்று போய்விட்டார்.

மறுநாள் காலை கவிதாவும் மருமகனும் வந்து சேர்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பெரிய டாக்டர், நடுத்தர வயது அம்மா, கதவைத் திறந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "நீங்க கோவிச்சாலும் பரவால்லங்கய்யா, நான் அதத் தொடச்சுட்டேன்" என்றார். என்னை உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். காவியைத் துடைத்த இடத்தில் துவரம்பருப்பு அளவில் கறுப்பாக ஒரு பொருக்கு. சுற்றிலும் சிவப்பு வளையம். பீடி நெருப்பை வைத்து எடுத்ததுபோல் இருந்தது.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். இந்தக் காய்ச்சலுக்கு ஸ்க்ரப் டைபஸ் என்று பெயர். உண்ணிக் காய்ச்சல் என்றும் சொல்கிறார்கள். ஆட்டில் மாட்டில் நாம் பார்க்கிற உண்ணி இல்லை. கண்ணுக்கே தெரியாத சின்னப் பூச்சியின் குஞ்சு. புதர்க்காட்டில் எலிகளின் மேல் ஒட்டி வாழும். மனிதர்கள் அங்கே உட்கார்ந்தால் உடம்பில் ஏறி, துணி இறுக்கமாக இருக்கிற இடமாகப் பார்த்துக் கடிக்கும். இடுப்பு, மார்புக்குக் கீழே, அக்குள், தொடை இடுக்கு இப்படி. கடித்தது தெரியாது. கடித்த இடம் கறுத்துப் பொருக்குத் தட்டும். வலி இல்லாததால் யாரும் கவனிப்பதில்லை. எல்லோருக்கும் அந்தப் பொருக்கு வருவதும் இல்லை. வந்தால், அதைப் பார்த்த உடனே மருத்துவர்களுக்கு இது இன்ன காய்ச்சல் என்று சந்தேகம் வந்துவிடும். இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரைகூடக் காத்திருக்கமாட்டார்கள். மருந்து சாதாரண மருந்து. சீக்கிரம் கொடுத்துவிட்டால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் விட்டுவிடும். தாமதமானால் நுரையீரல், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகப் பிடிக்கும்.

"இது எப்ப இருந்து இருக்கு?" என்று கேட்டார்.

நாளைச் சொன்னேன். அவர் விரலை மடக்கி எண்ணினார்.

"எங்கயும் காட்டலையா?"

"காட்டலங்க."

"யாரும் கேக்கலையா?"

"கேட்டாங்க" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். அவர், "உங்க கண்ணு ஏன் இப்படிச் செவந்திருக்கு? உங்களுக்குக் காய்ச்சல் இருக்கா?" என்றார். இரண்டு நாளாகவே எனக்கு உடம்பு கொதித்துக்கொண்டிருந்தது. தூக்கம் இல்லாததால் என்று நினைத்திருந்தேன். ஓர் ஆண் டாக்டரை வரவழைத்து, தடுப்புக்குப் பின்னால் நிறுத்திச் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். இடது அக்குளின் பின்பக்கம், நான் பார்க்கவே முடியாத இடத்தில், அதே கறுப்புப் பொருக்கு. தேடினார்கள், உடனே கிடைத்துவிட்டது. எனக்குக் காய்ச்சல் வந்து அது மூன்றாம் நாளாக இருக்கும். கீழ்த்தளத்தில் ஆண்கள் வார்டில் படுக்கை போட்டுவிட்டார்கள்.

கீழே போகும் முன் பஞ்சவர்ணத்தைப் பார்க்க விட்டார்கள். தொண்டைக்குள் குழாய் விட்டு மூச்சு இயந்திரத்தில் வைக்கப் போகிறோம், பிறகு பேச முடியாது என்றார்கள். என்னைப் பார்த்ததும் மாஸ்க்கைத் தூக்கினாள்.

"சொல்லிட்டீங்களா?"

"ஆமா. இப்பத்தான்."

"திட்டுனாங்களா?"

"இல்ல."

கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "லேடி டாக்டருதான். தெரிஞ்சிருந்தா நானே காட்டியிருப்பேன்" என்றாள். நர்ஸ் வந்து மாஸ்க்கை வைக்கச் சொன்னார். அவள் கையை அசைத்து நிறுத்தினாள். "பசுவுக்குப் புல்லு?"

"மாரியம்மா அறுத்துப் போடுது."

"அங்கிட்டுப் போயி அறுக்க வேணாம்னு சொல்லுங்க. போன் பண்ணி இப்பவே சொல்லுங்க."

புதர்க்காட்டைப் பற்றி டாக்டர் எங்கள் பக்கத்தில் நின்று சொன்னதை அரைகுறையாகக் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்திருக்கிறாள். நான் அங்கேயே மாரியம்மாவுக்குப் போன் போட்டேன். சத்தமாகப் பேசச் சொன்னாள். பேசினேன். அதுதான் அவள் கேட்ட என் கடைசிப் பேச்சு.

என் காய்ச்சலைப் பற்றியும் சொல்ல வேண்டும். எலும்பையெல்லாம் கழற்றிப் போட்டு மறுபடி மாட்டுவதுபோல் வலி. போர்வைக்குள் நடுங்குவேன், கொஞ்ச நேரத்தில் போர்வை நனைந்துவிடும். டாக்சிசைக்ளின் என்று ஒரு மாத்திரை, காலை ஒன்று, மாலை ஒன்று. எந்த மருந்துக் கடையிலும் இருக்கிற மாத்திரை. இரண்டாம் நாள் மாலை வியர்த்துக் கொட்டியது. மூன்றாம் நாள் காலை கண் விழித்தபோது தலைவலி இல்லை, பசித்தது. மருமகன் இட்லி வாங்கி வந்து கொடுத்தார். நாலு இட்லியும் தின்றுவிட்டுத்தான் எனக்கு நினைவு வந்தது. இலையை மடித்து வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். மேல்தளத்தில் அவளுக்கும் இதே வகை மருந்துதான் நரம்பு வழியே போய்க்கொண்டிருந்தது. என் உடம்பு கேட்டது. அவள் உடம்பு கேட்கிற நிலையைத் தாண்டியிருந்தது.

கவிதா மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குச் சிறுநீர் பிரியவில்லை, இரத்தத்தில் சேர்ந்த கழிவை இயந்திரம் வைத்துச் சுத்தம் செய்கிறார்கள் என்று சொன்னாள். மருமகனும் அவர் நண்பர் ஒருவரும் இரத்தம் கொடுத்தார்கள். ஒவ்வொரு தடவை கீழே வரும்போதும் அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். குளிர்ந்திருந்தால் அவள் முகம் கொஞ்சம் தெளியும். என்னால் அதைப் பார்க்கவே முடியவில்லை. அந்தக் காலண்டரைப் பற்றி அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று அந்த நாட்களில் பல தடவை வாயெடுத்தேன். இதைப் படிக்கும்போதுதான் அவளுக்கே தெரியும்.

ஐந்தாம் நாள் காலை என்னை வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிச் சீட்டுக் கொடுத்தார்கள். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மாடி ஏறினேன். டாக்டரம்மா கதவைத் திறந்து வெளியே வந்தார்.

"உங்களுக்குக் காய்ச்சல் விட்டுருச்சா?" என்று கேட்டார்.

"விட்டுருச்சுங்க."

அதற்குப் பிறகு அவர் சொன்னார். பாயில் பாதி கொடுத்த அந்த அம்மாதான் முதலில் வந்து கவிதாவைப் பிடித்துக்கொண்டார்.

காரியம் எல்லாம் முடிந்து பத்து நாள் இருக்கும். சுகாதாரத் துறையிலிருந்து நாலைந்து பேர் ஊருக்கு வந்தார்கள். மாலையில் அந்தப் பிளாட்டுக்குள் தகரப் பொறிகளில் மசால்வடைத் துண்டு வைத்துவிட்டுப் போய், காலையில் வந்து எடுத்தார்கள். இடம் காட்ட என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பொறி நிறைய எலி. அவர்களில் ஒருவர் கையுறை போட்டுக்கொண்டு ஓர் எலியின் காது மடலைத் திருப்பி என்னிடம் காட்டினார். உள்ளே மிளகாய்த் தூளைத் தூவியதுபோல் செம்மஞ்சளாக ஒட்டியிருந்தது. அத்தனையும் பூச்சிக் குஞ்சுகள் என்றார்.

முன்பும் எலி இருந்ததே, நாங்களும் இங்கேதானே கிடந்தோம், அப்போது ஏன் வரவில்லை என்று கேட்டேன். அவர் பொறிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டே சொன்னார். "உழுதுக்கிட்டே இருந்தா இது இவ்வளவு தங்காதுண்ணே. புரட்டிப் போட்டு வெயில் படும். பெரிய காடா இருந்தா பாம்பு, ஆந்தை, கீரின்னு எலியப் புடிக்க ஆளு இருக்கும். வெள்ளாமையும் இல்லாம காடும் இல்லாம பொதர் மண்டிக் கெடக்குது பாருங்க, இதுதான் அதுக்குத் தோது. அதுக்குள்ள மனுசனும் தெனம் போயிட்டு வாரான்." பிறகு, இது யார் நிலம் என்று கேட்டார். எங்களுடையதாக இருந்தது என்றேன்.

மருந்து தெளித்தார்கள். ஜேசிபி வைத்துப் புதரைத் தள்ளச் சொல்லிப் பஞ்சாயத்தில் நோட்டீஸ் அனுப்பினார்கள். பிளாட் போட்டவர் போனை எடுப்பதில்லை. ஆட்டுக்கும் மாட்டுக்கும் வேறு எங்கே போவது என்று பெண்கள் இன்றும் அங்கே போகிறார்கள். போவதைத் தடுக்க முடியாது, தெரிந்துகொண்டாவது போகட்டும் என்றுதான் செவிலியர் என்னை எழுதச் சொன்னார்.

இதுவரை உள்ளதை நான் முன்பே ஒரு தடவை எழுதிக் கொடுத்திருந்தேன். ஊருணியில் நூறு நாள் வேலை நடந்த அன்று, மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, அவர் அதைச் சத்தமாகப் படித்தார். என்னையும் வரச் சொல்லியிருந்ததால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றேன். பொருக்கு வந்த கட்டத்தைப் படித்ததும் ஒரு பெண் கையில் சோற்றோடு, "உடம்புல ஓரிடத்துலன்னு இருக்கே. எந்த எடத்துலன்னு சொன்னாத்தான நாங்க பாக்க முடியும்?" என்று கேட்டாள். செவிலியர் தாளைப் புரட்டிப் பார்த்தார். அதில் இல்லை. நான் எழுதவில்லை. டாக்டர் சொன்ன மற்ற இடங்களையும் எழுதவில்லை. மாடியில் அவள் உயிர் போன பிறகும், தனியாக உட்கார்ந்து எழுதும்போதும், அந்த வார்த்தைகளை எழுத எனக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது.

செவிலியர் என்னைப் பார்த்தார். கிளினிக்கில் அந்த டாக்டர் பார்த்த மாதிரியே இருந்தது. நாற்பது ஐம்பது பெண்கள் இருப்பார்கள். நான் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு முன்னால் போனேன்.

"இடுப்புல" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "பஞ்சவர்ணத்துக்கு இடுப்புல வந்துச்சு. பாவாட நாடா கட்டுற எடத்துல, எடது பக்கம். மாருக்குக் கீழயும் வரும், அக்குள்லயும் வரும், தொட இடுக்குலயும் வரும்னு டாக்டரம்மா சொன்னாங்க. வலிக்காது. கறுப்பா பொருக்கு மாதிரி இருக்கும். காச்சலோட அது இருந்தா மறைக்காதீங்க. நான் மறைச்சேன். டாக்டர் கேட்டாரு, நான் சொல்லல."

யாரும் சிரிக்கவில்லை. மாரியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து, விட்டதையெல்லாம் சேர்த்து முதலிலிருந்து மறுபடி எழுதினேன். நீங்கள் படிப்பது அதைத்தான்.

அந்த வாரத்திலேயே மூன்று பெண்கள் செவிலியரைத் தனியாகப் போய்ப் பார்த்தார்கள். இரண்டு பேருக்கு வெறும் முள் கீறிய புண். ஒருத்திக்கு இதுதான். மேலத் தெருவில் போன வருஷம் வாழ்க்கைப்பட்டு வந்த பெண், காய்ச்சல் தொடங்கி இரண்டே நாள். எங்கே இருந்தது என்று செவிலியர் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மாத்திரை கொடுத்தார்கள்.

நேற்றுக் காலை நான் மில்லுக்குக் கிளம்பும்போது அந்தப் பெண் தண்ணீர்க் குடத்தோடு எதிரே வந்தது. என்னைப் பார்த்ததும் கழுத்து வரை சிவந்து, தலையைக் குனிந்துகொண்டு, தெருவின் அந்த ஓரத்துக்கு ஒதுங்கி வேகமாக நடந்தது. நான் சைக்கிளை நிறுத்திவிட்டேன். வளைவு திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். நல்ல திடமாக நடந்து போனது.